கோலாலம்பூரில் ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறீர்களா? மறுவிற்பனை விலையையும் டிரேட்-இன் விலையையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்காரர் உங்கள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து விலை சொல்வதற்கு முன்பே, அந்த விலை உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் விலை. மைவி, சாகா போன்ற கார்களில் இந்தக் கவலை கிடையாது. ஒரே மாதிரி கார்கள் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு இருக்கும், இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முன்பின் இருந்தாலும் விலை தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படியல்ல. உங்கள் காரைப் போல நாடு முழுக்கப் பத்து விளம்பரம் கிடைத்தாலே அதிகம். அந்தப் பத்தும் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு இறக்குமதி, வெவ்வேறு வரலாறு கொண்டவை. இங்கே ஒரு தவறான கணக்கு முப்பதாயிரம் வெள்ளியைச் சாதாரணமாகத் தின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே காருக்கு மூன்று விலை உண்டு. விளம்பரத்தில் போடும் விலை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக் கைமாறும் விலை, யூஸ்ட் கார் கடைக்காரர் அன்றைக்கே எடுத்துக்கொள்ளும் விலை. முதலாவது ஆசை, இரண்டாவது சந்தை, மூன்றாவது அவசரத்துக்கான விலை. டிரேட்-இன், அதாவது பழைய காரைக் கடையில் கொடுத்துப் புதுக் காரின் விலையில் கழித்துக்கொள்வது, மூன்றாவது வகை. பெரும்பாலான மனவருத்தம், முதலாவது விலையை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது விலைக்கான கடைக்குப் போவதால் வருகிறது.

நான் எந்தக் காரைப் பார்த்தாலும் அடுத்து வாங்கப் போகிறவரின் இடத்தில் இருந்துதான் தொடங்குவேன். அவருக்கு வங்கி எவ்வளவு கடன் தரும், வாங்கிய பின் ஆண்டுதோறும் அவர் எவ்வளவு தாங்க வேண்டும், விற்பவர் வாயால் சொல்வதில் எதையெல்லாம் அவர் காகிதத்தில் பார்க்க முடியும். விலை இந்த மூன்றிலும்தான் அடங்கியிருக்கிறது. நீங்கள் அந்தக் காரில் கொட்டிய பணம் இந்தக் கணக்கில் எங்குமே வராது.

படி 1: காகிதத்தில் இது என்ன கார்?

கிரானை (காரின் பதிவுச் சான்றை) எடுத்து மேசையில் வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஆண்டுகள்: தயாரித்த ஆண்டு, மலேசியாவில் பதிந்த ஆண்டு. நம் ஊர் விளம்பரங்களில் ‘2018/2021’ என்று போடுவார்கள். 2018இல் ஜப்பானிலோ பிரிட்டனிலோ ஓடத் தொடங்கி, ரீகண்ட் காராக (வெளிநாட்டில் ஓடியதை இறக்குமதி செய்து விற்கும் கார்) கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, 2021இல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவான கார் அது. விற்பவர்கள் இரண்டாவது எண்ணைப் பெரிதாகச் சொல்வார்கள், விவரம் தெரிந்தவர்கள் முதலாவதைப் பார்ப்பார்கள். 2018/2021 காரை 2021இல் தயாரித்த காரோடு ஒப்பிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும்.

அடுத்து, கார் எப்படி நாட்டுக்குள் வந்தது என்று பாருங்கள். அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரிடம் புதிதாக வாங்கிய கார் என்றால் முதல் நாளிலிருந்து சர்வீஸ் வரலாறு உள்ளூரிலேயே இருக்கும். ரீகண்ட் கார் என்றால் வெளிநாட்டு வரலாற்றைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அதனால் ரீகண்ட் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் இருந்து வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பல, இங்கே புதிதாக விற்றவற்றைவிட அதிக வசதிகளோடு வருகின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு சந்தை, ஒன்றின் விலையை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. லங்காவி பதிவுள்ள கார்கள் மூன்றாவது இனம். வரிவிலக்கில் வாங்கியவை என்பதால் அவற்றின் விலை குறைவாகத் தெரியும். அந்த விளம்பரங்களை ஒப்பீட்டிலிருந்து அப்படியே நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, வகை. இதில்தான் பணம் மாட்டிக்கொள்ளும். ஹோண்டா சிவிக் எஃப்டி2 நல்ல உதாரணம். டைப் ஆர் காரும் சாதாரண 2.0 காரும் ஒரே எஃப்டி2 குடும்பம். பம்பர், ஸ்பாய்லர், சிவப்பு சின்னம் எல்லாவற்றையும் வாங்கி மாட்டிவிடலாம், அப்படி மாட்டிய கார்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய ஓடுகின்றன. உண்மையான டைப் ஆரில் இருப்பது 225 குதிரைத்திறன் கொண்ட கே20ஏ எஞ்சின். உள்ளூர் 2.0 காரில் இருப்பது கே20இசட்2, 155 குதிரைத்திறன். கிரானில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் பொறித்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். உங்கள் கார் உண்மையானது என்றால், அந்தப் பொறிப்புகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது அந்தப் படம் ஆயிரம் வார்த்தைப் பேச்சைவிட உதவும். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐக்கும் இதே கதைதான்: 4ஜி93பி எஞ்சினோடு எண்கள் பொருந்திய காரைத் தேடி வருகிறவர் கொடுக்கும் விலையே வேறு.

படி 2: வாங்குகிறவர் ஆண்டுதோறும் சுமக்கப் போவது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் நாட்டில் இதுதான் விலையின் முதுகெலும்பு. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள காருக்கு ரோட் டேக்ஸ், எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. 1,800 சிசிக்கு மேல் 2,000 வரை 280 வெள்ளி, கூடுதல் சிசி ஒவ்வொன்றுக்கும் 50 காசு. 2,000க்கு மேல் 380 வெள்ளி, சிசிக்கு 1 வெள்ளி. 2,500க்கு மேல் 880 வெள்ளி, சிசிக்கு 2.50. 3,000ஐத் தாண்டினால் 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50. நிறுவனப் பெயரில் பதிந்தால் இதைவிடக் கூடும்.

இந்தக் கட்டணம் கார்களை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். போர்ஷே 718 கேமன் 1,988 சிசி, ஆண்டுக்கு 374 வெள்ளி. அதற்கு முந்தைய 981 கேமன் எஸ் 3,436 சிசி, 4,092 வெள்ளி. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் வித்தியாசம் 18,590 வெள்ளி. வாங்க வருகிறவர் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் இதை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். டொயோட்டா ஜிஆர் சுப்ரா 2,998 சிசி. மூவாயிரத்துக்கு இரண்டே சிசி கீழே நிற்பதால் 2,125 வெள்ளி. நிசான் 370இசட் 3,696 சிசி, 5,262 வெள்ளி. 370இசட் போன்ற அருமையான கார்கள் இங்கே தகுதிக்குக் குறைந்த விலையில் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். இளைய வாங்குநர்களிடம் டொயோட்டா ஜிடி86 எப்போதும் எடுபடுவதற்கும் இதே காரணம்: 1,998 சிசி, 379 வெள்ளி. அதற்குப் பின் வந்த ஜிஆர்86 2,387 சிசி, 767 வெள்ளி. இன்னும் தாங்கக்கூடியதுதான்.

ஆனால் சேகரிப்பாளர்கள் தேடும் கார் என்றால் இந்தக் கணக்கு தளர்ந்துவிடும். நிசான் ஆர்35 ஜிடிஆர் 3,799 சிசி, ஆண்டுக்கு 5,725 வெள்ளி 50 காசு. அதன் உற்பத்தி 2025 ஆகஸ்டில் முடிந்துபோனது. அதைத் தேடி வருகிறவர் ரோட் டேக்ஸைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் அல்ல. அதேபோல 981இன் ஆறு சிலிண்டர் ஓசைக்காகவே 718ஐ வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கார் எந்தக் கூட்டத்துக்கானது என்று நேர்மையாக முடிவு செய்யுங்கள். தினமும் ஓட்ட வாங்குகிறவரா, ஞாயிறு காலையில் உலு யாம் பக்கம் ஓட்ட வாங்குகிறவரா? முதல் கூட்டம் பெரியது, ஆனால் விலையில் கறார். இரண்டாவது சிறியது, பொறுத்திருந்தால் நல்ல விலை தரும்.

காப்புறுதியும் உண்டு. என்சிடி, அதாவது இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, அதிகபட்சம் 55 விழுக்காடு. அது உங்களோடு போய்விடும், காரோடு போகாது. வாங்குகிறவர் என்சிடி இல்லாதவர் என்றால் முழுக் கட்டணம் கட்டுவார். உங்கள் கட்டணச் சீட்டைக் காட்டி ‘இவ்வளவுதான் வரும்’ என்று சொல்லாதீர்கள்.

இவற்றோடு கடன். பயன்படுத்திய காருக்கு வங்கி தரும் கடன், வங்கி போடும் மதிப்பைப் பொறுத்தது, நீங்கள் கேட்கும் விலையைப் பொறுத்தது அல்ல. நீங்கள் 280,000 கேட்கிறீர்கள், வங்கி 250,000 மதிப்பு போட்டு அதில் ஒரு பங்குதான் தரும் என்றால், மீதி முழுவதையும் வாங்குகிறவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். கார் வயதாக ஆகக் கடன் காலமும் சுருங்கும், மாதத் தவணை ஏறும். அதனால் விளம்பரம் போடுவதற்கு முன், வங்கிகளோடு வேலை செய்யும் கார் பிராக்கர் ஒருவரிடம் உங்கள் கார் விவரத்தைக் கொடுத்து, எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு எண், பத்து விளம்பரங்களைவிட உண்மை சொல்லும். உங்கள் காப்புறுதிப் புதுப்பிப்புச் சீட்டில் உள்ள சந்தை மதிப்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது விற்பனை விலை ஆகாது, ஆனால் உங்கள் ஆசை தரையிலிருந்து எவ்வளவு தூரம் பறக்கிறது என்று காட்டும்.

படி 3: ஒப்பீடு சேகரித்தல்

முடா, கார்லிஸ்ட் ஆகிய இரண்டு விளம்பர இணையதளங்களிலும் உங்கள் காரைத் தேடுங்கள். அதே தலைமுறை, அதே எஞ்சின், அதே கியர் வகை, தயாரிப்பு ஆண்டில் ஒன்று முன்பின். ஒவ்வொன்றின் விலை, மைலேஜ், இரண்டு ஆண்டுகள், விற்பவர் கடையா சொந்தக்காரரா, விளம்பரம் எப்போது வந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். காணாமல் போன விளம்பரத்தின் விலை, கைமாறும் விலைக்குப் பக்கத்தில் இருந்தது என்று பொருள். இரண்டு மாதமாக அங்கேயே நிற்கும் விளம்பரத்தின் விலை, யாரும் தராத விலை. நிற்கிற விளம்பரங்களை வைத்தே நம் மக்கள் தங்கள் கார் விலையை முடிவு செய்கிறார்கள், அதுவே பெரிய பிழை.

மிகக் குறைந்த விலையையும் மிக அதிக விலையையும் நீக்குங்கள். குறைந்தது பெரும்பாலும் மோதிய கார், வெள்ளக் கார், அல்லது ஆளை வரவழைக்கும் தூண்டில். மீதமுள்ளவற்றின் நடு விலையை எடுத்துக்கொண்டு பேரத்துக்கு ஒரு பங்கைக் கழியுங்கள். நான் கணக்குக்கு 5 விழுக்காடு எடுப்பேன்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. கிளென்மேரி பக்கம் இருக்கும் ரீகண்ட் கடைகளில் உங்கள் காரின் அடுத்த ஆண்டு மாடல், இன்னும் பதியாதது, என்ன விலைக்கு நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கார் அந்த விலைக்குக் கணிசமாகக் கீழே இருந்தால்தான் நகரும். அந்த ரீகண்ட் விலையோ யென்னோடும் பவுண்டோடும் ஏறி இறங்குவது. 2024 நடுவில் ஒரு டாலருக்கு 160 யென் வரை யென் சரிந்தது. யென் விழுந்தால் ஜப்பான் ஏலத்தில் கார் மலிவாகும், சில மாதங்களில் அந்த மலிவு இங்கே ரீகண்ட் விலையில் தெரியும், பிறகு உங்கள் காரின் விலையையும் கீழே இழுக்கும். விற்க நினைத்துக்கொண்டே தள்ளிப்போடுகிறவர்கள் நாணய மாற்று விகிதத்தை ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. டிசம்பரும் ஒரு கணக்கு: ஆண்டு மாறியதும் கார் காகிதத்தில் ஒரு வயது கூடிவிடும்.

படி 4: உடம்பைப் பார்த்தல்

இங்கே நிதானமாக இருங்கள். ஒரு காலை முழுக்க ஒதுக்குங்கள், எஞ்சின் ஆறிப்போய் இருக்கும்போதே தொடங்குங்கள். ஆறிய எஞ்சினை முடுக்கும்போது கேட்கும் சத்தம், சூடேறிய பின் மறைந்துவிடும். வாங்க வருகிறவரோடு வரும் நல்ல பொமேன் (பட்டறை மெக்கானிக்) பேனட்டில் கைவைத்துச் சூடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200, 300 என்று போனால் மறுபடி அடித்திருக்கிறது. 500ஐத் தாண்டினால் அடியில் புட்டி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இரும்பை மட்டும் அளக்கும் மலிவான கருவி ஸ்போர்ட்ஸ் காருக்கு உதவாது. ஜிடி86இன் பேனட் அலுமினியம், 981இன் கதவுகளும் அலுமினியம். அலுமினியத்தையும் அளக்கும் கருவி வேண்டும். பிளாஸ்டிக் பம்பரிலும் கார்பன் பாகங்களிலும் இந்த வகைக் கருவி வேலை செய்யாது.

எண்ணை எப்படிப் படிப்பது என்பது தனிக் கலை. செந்தூலில் ஒரு பட்டறையில் வெள்ளை ஜிடி86 ஒன்றின் இடது கதவு 310 மைக்ரான் காட்டியது. வாங்க வந்த பையன் முகம் சுருங்கிவிட்டது. ‘அண்ணே, கதவு மாத்தியிருக்கா?’ என்றான். பொமேன் கதவைத் திறந்து, கீல் போல்ட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். ‘போல்ட் தலையில பெயிண்ட் உடையல பாரு தம்பி. ஸ்பேனர் பட்டா இந்த மூலை உரிஞ்சிருக்கும். கதவு அதே கதவுதான், யாரோ பார்க்கிங்ல கீறிட்டான், சாயம் மட்டும் அடிச்சிருக்காங்க.’ சாயம் மட்டும் அடித்த கதவுக்குச் சில ஆயிரம் கழியும். மாற்றிய கதவு என்றால் கேள்வி கதவோடு நிற்காது, உள்ளே தூண் வளைந்ததா என்று போகும், விலை பெரிதாக விழும். அதனால் பேனட், முன் ஃபெண்டர், கதவு, பூட் என எல்லா போல்ட் தலைகளையும் நீங்களே பார்த்து வையுங்கள். கட்டமைப்பில் வெட்டி ஒட்டிய காருக்கு மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அதை அந்த உண்மையோடுதான் விற்க வேண்டும். மறைத்து விற்றால் இன்னொருவர் குடும்பம் அதில் உட்காரும்.

வெள்ளம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் புகுந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின் வாங்குகிறவர்கள் எல்லோருமே இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் துரு, கம்பளத்துக்கு அடியில் ஈரம், பூட்டின் அடிக்குழியில் மண் எல்லாம் சாட்சி சொல்லும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் கம்ப்யூட்டர் பெட்டிகள் பல தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், முழங்கால் அளவு நீரே போதும். உங்கள் கார் உலர்ந்த கார் என்றால் இந்த இடங்களையும் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். வாங்குகிறவரின் பாதிப் பயம் போய்விடும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது. ஆழம் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வயதான டயரை வாங்குகிறவர் புது டயர் விலையாகவே கழிப்பார். முன்னும் பின்னும் வேறு பிராண்டு டயர் இருந்தால், பராமரிப்பில் சிக்கனம் பிடித்தவர் என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். பிரேக் டிஸ்கின் ஓரத்திலோ நடுப் பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். கார்பன் செராமிக் டிஸ்க் கொண்ட கார் என்றால் இந்த ஒரு வரி மட்டுமே விலையைப் பல ஆயிரம் நகர்த்தும்.

நம் வெயிலும் மழையும் கூரை திறக்கும் கார்களைக் கடுமையாகத் தின்கின்றன. துணிக் கூரையின் மடிப்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், டாஷ்போர்டின் ஒட்டல் மூன்றையும் பாருங்கள். நல்ல மழையில் ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 5: வரலாற்றை நிரூபித்தல்

சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள், மாற்றிய சாமான்களின் பில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்குங்கள். இதைவிட மலிவாக விலை ஏற்றும் வேலை வேறில்லை.

ஜப்பான் ரீகண்ட் என்றால், அங்கே ஏலத்தில் காரைச் சோதித்து எழுதிய ஏலத் தாள் வேண்டும். அதில் 4.5, 4 போன்ற மதிப்பெண் இருக்கும். ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த கார். காரின் படத்தின் மேல் எழுத்துகள் இருக்கும்: ஏ என்றால் கீறல், யூ என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் சரிசெய்த இடத்தில் அலைபோலத் தெரியும் மேடுபள்ளம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். தாளில் உள்ள சேசிஸ் எண் உங்கள் கிரானோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அங்கே அன்று எழுதிய கிலோமீட்டரும் இன்றைய மீட்டரும் ஒத்துப்போக வேண்டும்.

பிரிட்டனில் இருந்து வந்த கார் என்றால், அந்த நாட்டுப் பழைய பதிவு எண்ணை வைத்து அரசாங்க இணையதளத்தில் எம்ஓடி (சாலைத் தகுதி) சோதனை வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் எவ்வளவு என்று இருக்கும். ஆனால் அங்கே முதல் சோதனை காருக்கு 3 வயது ஆன பிறகுதான். அதற்குள் இங்கே வந்துவிட்ட காருக்கு ஒன்றும் இருக்காது, அதைக் குறையாக எண்ண வேண்டாம். பிரிட்டன் காரின் மீட்டர் மைலில் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். 28,000 மைல் என்பது சுமார் 45,000 கிலோமீட்டர். ஒப்பீட்டுத் தாளில் அப்படி மாற்றி எழுதுங்கள்.

போர்ஷே போன்ற கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டரே ஒரு நாட்குறிப்பு. எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்ற தருணங்களை ஆறு நிலைகளாகப் பிரித்து, எத்தனையாவது ஓட்ட மணிநேரத்தில் நடந்தது என்பதோடு பதிந்து வைக்கும். மேல் நிலைகளில் பதிவு இருந்தால், குறிப்பாக மேனுவல் காரில், யாரோ தவறான கியர் போட்டிருக்கிறார்கள். இந்த அறிக்கையை எடுத்துக் கையில் வைத்திருக்கும் விற்பவரிடம் பேரம் சீக்கிரம் முடியும். ஆர்35இல் கியர்பெட்டி எண்ணெய் மாற்றிய பதிவு, அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் முதலில் தேடப்படும் வரி.

படி 6: மாற்றங்கள்

எக்ஸாஸ்ட், கோய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), டியூனிங், பெரிய ரிம். இவற்றுக்குப் போட்ட பணம் திரும்பி வராது. பல மாற்றங்கள் விலையைக் குறைக்கும், ஏனென்றால் வாங்குகிறவர் ‘இதை எப்படி ஓட்டியிருப்பார்கள்’ என்று நினைக்கிறார், வங்கியும் மாற்றங்களுக்கு மதிப்புப் போடாது. அசல் பாகங்களை வைத்திருந்தால் திருப்பி மாட்டுங்கள். கழற்றிய பாகங்களைத் தனியாக விற்றால் இரண்டிலும் பணம் வரும். பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 சோதனையில் எஞ்சின் எண், சேசிஸ் எண், கண்ணாடிக் கறுப்பு எல்லாம் பார்ப்பார்கள். முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளி புக வேண்டும். இதில் மாட்டினால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

படி 7: கணக்கு

முறையைக் காட்டுவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். இந்த எண்கள் சந்தை விலை அல்ல. 2018/2021 718 கேமன். கழித்தவை போக நான்கு விளம்பரங்கள்: 268,000, 275,000, 279,000, 288,000. நடு விலை 277,000. பேரத்துக்கு 5 விழுக்காடு போனால் சுமார் 263,000. நான்கு டயரும் பழசு, 6,000 கழியும். மறுபடி சாயம் அடித்த கதவுக்கு 3,000, முன் பிரேக்குக்கு 3,500. முழுமையான கோப்பும் சுத்தமான கம்ப்யூட்டர் அறிக்கையும் இருப்பதால் 4,000 கூட்டலாம். மொத்தம் 254,500. நேரடியாக விற்றால் எதிர்பார்க்க வேண்டிய விலை இது.

கடைக்காரர் இதே காரை எடுத்தால் சரிசெய்யும் செலவு, கடையில் நிற்கும் காலத்துக்கான வட்டி, உத்தரவாதம், தன் லாபம் எல்லாம் போட வேண்டும். 10 விழுக்காடு என்று வைத்தால் 229,050. வங்கிக் கடன் பாக்கி 180,000 என்றால், நேரடி விற்பனையில் கைக்கு 74,500, டிரேட்-இன்னில் 49,050. வித்தியாசம் 25,450 வெள்ளி. நிறைய பேர் கண்டு பயப்படும் எண் இது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக, அந்நியர்கள் ஓட்டிப் பார்க்க வருவது, கடன் நிராகரிக்கப்பட்டுப் பின்வாங்குவது, மாதக்கணக்கில் காத்திருந்து தவணை கட்டுவது எல்லாம் இல்லாமல் போகிறது. அது உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே கன்சைன்மெண்ட் உண்டு. கடை உங்களுக்காக விற்றுத் தந்து ஒரு தொகை எடுத்துக்கொள்ளும். அரிய காருக்கு நான் அதையே சொல்வேன். கால வரம்பையும் குறைந்தபட்ச விலையையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடன் பாக்கி என்பது மீதித் தவணைகளைக் கூட்டி வரும் தொகை அல்ல. முன்கூட்டியே முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கியைப் பார்த்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயர் மாற்றம் நின்றுபோகலாம். நல்ல பதிவு எண் வைத்திருந்தால் அதைக் காரின் விலையோடு கலக்காதீர்கள். எண்ணுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. காரைக் கொடுக்கும் முன் அதை வேறு காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் பலர் எண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

படி 8: டிரேட்-இன் மேசையில்

கார்சம் போன்ற, பழைய கார்களை இணையவழி வாங்கி விற்கும் நிறுவனத்தில் ஒன்று, உங்கள் பிராண்டில் அனுபவமுள்ள யூஸ்ட் கார் கடையில் ஒன்று, புதுக் கார் வாங்கப்போகும் கடையில் ஒன்று என மூன்று மதிப்பீடாவது எடுங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் இருக்கட்டும்.

புதுக் கார் கடையில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். டிரேட்-இன் இல்லாமல் புதுக் கார் என்ன விலை, அந்தப் புதுக் காரை வாங்காமல் என் பழைய கார் என்ன விலை, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் காருக்கு 240,000 தருகிறேன் என்று சொல்லிவிட்டு, புதுக் காரில் கிடைக்க வேண்டிய 12,000 தள்ளுபடியை எடுத்துவிட்டால், உண்மையில் கிடைத்தது 228,000தான். மேலே ரொக்கமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணை எல்லாக் கடைகளிலும் ஒப்பிடுங்கள்.

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க பாஸ்?’ என்று கேட்பார்கள். உங்கள் தாளைத் திருப்பி வைத்து, ‘நீங்க பார்த்துச் சொல்லுங்கண்ணே’ என்று விட்டுவிடுங்கள். அவர் விலை சொன்ன பிறகு, கழித்ததற்குக் காரணம் கேளுங்கள். டயர் என்றால் உங்கள் தாளிலும் டயர் இருக்கும். அவர் கழித்தது 10,000, நீங்கள் கழித்தது 6,000 என்றால் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுங்கள். கோப்பையும் அறிக்கையையும் அப்போதுதான் மேசையில் வையுங்கள். வரி வரியாகப் பேசுகிறவரிடம் மொத்தமாகக் குறைப்பது கடைக்காரருக்குச் சிரமம்.

விலை முடிந்ததும் எழுத வேண்டியவை: ஒப்புக்கொண்ட தொகை, வங்கிக் கடனை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது, மீதி உங்கள் கணக்கில் எப்போது வரும், பெயர் மாற்றம் எந்தத் தேதிக்குள் நடக்கும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஜேபிஜே பதிவில் உங்கள் பெயர் இருக்கும் வரை அந்தக் காரின் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். சாவியைக் கொடுத்த நேரத்தையும் அப்போதைய மீட்டரையும் ரசீதில் எழுதி, கடையின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய உறுதிச்சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே காப்புறுதியை ரத்து செய்யுங்கள்.